பெப்புவிலிருந்து அசோ வரை சைக்கிளில்

ஞாயிறு, பெப்பு

டோக்கியோவும் கியோத்தோவும் இந்தப் பயணத்தில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெற்கே கியூஷூ தீவு. ஓய்தா மாகாணத்தில் பெப்பு என்கிற கடற்கரை ஊரில் தொடங்கி, மலை ஏறி, பீடபூமியைத் தாண்டி, குமமோத்தோ மாகாணத்தில் அசோ எரிமலையின் பெரும்பள்ளத்துக்குள் இறங்கப்போகிறோம். பகலில் சைக்கிள், சாயங்காலமானால் ஒரு வெந்நீர் ஊற்று ஊர். முன்னால் கைடு போவார், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேன் பின்னால் வரும், முடியாதவர்கள் வெட்கப்படாமல் வேனில் ஏறிக்கொள்ளலாம். என்னோடு வந்திருப்பது அண்ணி. அண்ணன் வரவில்லை. "லீவு போட்டுட்டுப் போயி யாராச்சும் மேடு மிதிப்பாங்களா" என்று கேட்டதோடு அவர் பேச்சை முடித்துவிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வேலை ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, சிங்கப்பூரிலிருந்து இரண்டு நண்பர்கள், இவ்வளவுதான் கூட்டம்.

பெப்புவில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் ஊற்றுக்கண்கள் இருக்கின்றன. ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இத்தனை கிடையாது. கன்னாவா என்ற பகுதியில் தெருவோரச் சாக்கடை மூடி இடுக்கு, வீட்டுக் கொல்லையில் நிற்கும் குழாய், கோயில் சுவரோரம் என்று எங்கே பார்த்தாலும் ஆவி. "இந்த ஊர்ல கேஸ் பில்லே வராதாட்ட இருக்குது கண்ணு" என்றார் அண்ணி. முழுக்கப் பொய்யும் இல்லை, ஆவியில் வேகவைக்கும் பொதுச் சமையல் கூடம் ஒன்று இங்கே இருக்கிறது. காய்கறியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கூடையில் அடுக்கி, அவர்கள் தரும் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, கல் பதித்த குழிக்குள் கூடையை இறக்கி, மூடியைப் போட்டுவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், முட்டை. ஊற்றின் ஆவியிலேயே கொஞ்சம் உப்பு இருப்பதால் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படவில்லை. மீனும் கறியும் தொடாத அண்ணிக்கு (முட்டை உண்டு) இந்த ஊரில் முதல் வேளையே வயிறு நிறைந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குள் ஒரு கவலை இருக்கிறது, அதை இப்போது சொல்ல வேண்டாம்.

'நரகங்கள்' என்று பெயர் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிற கொதிகுளங்களையும் பார்த்தோம். கடல் நரகம் அப்படியொரு நீலம், 98 டிகிரி. இரத்தக்குளம் இரும்பு கலந்த மண்ணால் செக்கச்செவேலென்று கிடக்கிறது. வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு நகரலாம், அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. எனக்குப் பிடித்தது பக்கத்திலேயே இருக்கும் நீராவிக் குளியல். 1276-ல் இப்பென் என்ற துறவி தொடங்கிவைத்தது என்கிறார்கள். குனிந்து தவழ்ந்து உள்ளே போனால் கல்லால் கட்டிய இருட்டான ஓர் அறை, தரை முழுக்கப் பச்சைத் தழை பரப்பியிருக்கிறது, அதன்மேல் எட்டு நிமிடம் படுத்துக் கிடக்க வேண்டும், பிறகு வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். தழை வாசனை எங்கேயோ முகர்ந்ததாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அண்ணிதான் கண்டுபிடித்தார்: வசம்பு! செகிஷோ என்று இவர்கள் சொல்லும் செடி வசம்பு இனமேதான். பிள்ளை வளர்த்த மூக்கு, தப்புமா?

ராத்திரி கைடு எங்களை ஒரு தெருக் குளியலறைக்கு அனுப்பிவைத்தார். பெப்புவில் இப்படி நூற்றுக்கும் மேல் உண்டு, பாதிக்கு மேல் அந்தந்தத் தெருக்காரர்களே சேர்ந்து நடத்துவது, கழுவுவது, பூட்டுவது எல்லாம். வாசலில் ஒரு காசுப்பெட்டி, ஆள் கிடையாது. உள்ளே ஷவர் இல்லை, சோப்பு இல்லை. தொட்டியோரம் குந்தி உட்கார்ந்து, சின்ன வாளியில் மொண்டு மொண்டு ஊற்றி, உடம்பை நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். துணி எதுவும் கூடாது. அண்ணி வாசலில் ஐந்து நிமிடம் நின்றார். உள்ளே இருந்த மூன்று பாட்டிகளும் எங்களை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது தெரிந்ததும் சரி என்று வந்துவிட்டார். ஆனால் தண்ணீர்! காலை வைத்தால் தோல் உரிந்துவிடும் போல ஒரு சூடு. ஒரு பாட்டி எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, குளிர்நீர்க் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டார், இன்னொரு பாட்டி உடனே மூடினார். இருவருக்கும் அதில் ஒரு சின்ன வாக்குவாதம். நாங்கள் நடுவில் கழுத்துவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தோம்.

திங்கள், யுஃபுயின்

கடல் மட்டத்திலிருந்து நேரே ஏற்றம். எங்களுக்குக் கொடுத்தது பேட்டரி உதவியுள்ள சைக்கிள். ஜப்பான் சட்டத்தில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் போகும்வரை நாம் மிதிப்பதைப்போல் இரண்டு மடங்கு வரை அது மிதித்துக் கொடுக்கலாம், வேகம் கூடக்கூட உதவி குறைந்துகொண்டே வந்து 24 கிலோமீட்டரில் முழுக்க நின்றுவிட வேண்டும். அதாவது ஏற்றத்தில் தெய்வம், சமதளத்தில் வெறும் கனமான சைக்கிள். ஆஸ்திரேலியத் தாத்தா மட்டும் பேட்டரி வேண்டாம் என்று சாதா சைக்கிளில் வந்தார், எங்களுக்கு முன்னாலேயே உச்சிக்குப் போய் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார், என்ன சொல்வது.

வளைவுக்கு வளைவு கடல் கீழே போய்க்கொண்டே இருந்தது. கிஜிமா பீடபூமியைக் கடந்தால் 1,583 மீட்டர் யுஃபு மலை இரட்டைக் கொம்போடு முன்னால் வந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இனோசெதோ என்ற சதுப்பு நிலம், சாலையோரமாகவே. வெறும் நாணலும் ஈரமும்தான். கைடு நிறுத்தச் சொன்னபோது படம் எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 1970-ல் இங்கே கோல்ஃப் மைதானம் வரப்போகிறது என்றதும் கீழே யுஃபுயின் ஊர்க்காரர்கள் கூடித் தடுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1952-ல், பள்ளத்தாக்கையே மூழ்கடித்து அணை கட்டும் திட்டம் வந்தபோதும் எதிர்த்து நின்ற ஊர். பிறகு 1971-ல் விடுதிக்காரர்கள் மூன்று பேர் ஜெர்மனிக்குப் போய், அங்கே வெந்நீர் ஊற்று ஊர்களை எப்படி அமைதியாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவந்து, பெரிய ஓட்டல் கேளிக்கை எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இதைக் கேட்டபிறகு நாணலை நானும் இரண்டு படம் எடுத்தேன்.

அப்புறம் இறக்கம். சகிரிதாய் என்ற இடத்தில் நின்றால் முழு யுஃபுயினும் வயலும் வீடுமாகக் கீழே தெரியும், அங்கிருந்து ஊர் வரைக்கும் பிரேக் பிடித்த விரல் வலித்ததுதான் மிச்சம்.

ஊரைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதென்றால், கடைத்தெரு எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை போராடிக் காப்பாற்றிய ஊரில், நிலையத்திலிருந்து ஏரி வரை போகும் தெரு முழுக்கப் பூனை பொம்மைக் கடையும் சீஸ்கேக் வரிசையும்தான். பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்குகிறது. ஓய்தாவில் பிறந்த கட்டடக்கலைஞர் இசொசாகி அராத்தா வடிவமைத்த ரயில் நிலையம் மட்டும் கறுப்பு மரத்தில், அடக்கமாக, டிக்கெட் வாங்காமலே உள்ளே போய் உட்காரும்படி இருக்கிறது. இரண்டு தெரு தள்ளிப் போனால் சத்தம் விட்டுவிடுகிறது, எங்கள் விடுதி அங்கேதான்.

செவ்வாய், சோஜாபாரு

விடியற்காலையில் கின்ரின் ஏரி. ஏரியின் அடியில் வெந்நீரும் தண்ணீரும் இரண்டுமே ஊறுவதால் குளிர் காலையில் நீர்மேல் பனிமூட்டம் எழும். எழுந்தது, பார்த்தோம். எங்களுக்கு முன்னாலேயே ஐம்பது பேர் கேமரா முக்காலி வைத்து நின்றிருந்தார்கள்.

இன்றைக்கு யமனாமி நெடுஞ்சாலை. 1964-ல் கட்டணச் சாலையாகத் திறந்தது, 1994-லிருந்து இலவசம். சும்மாவா இதைத் தேடி மோட்டார்சைக்கிள்காரர்கள் நாடெங்குமிருந்து வருகிறார்கள், மரங்கள் முடிந்து பீடபூமி திறந்ததும் இரண்டு பக்கமும் சுசுகிப் புல், ஆளுயரம், அக்டோபர் வெயிலில் வெள்ளியும் பொன்னுமாக, காற்றடித்தால் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து எழுகிறது. வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன, நம் ஊர்ப்பழக்கமே போதும். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே மெதுவாக வந்து, எதிரே காலியானதும் தாண்டிப்போவதற்குத்தான் எனக்குப் பழக இரண்டு நாள் பிடித்தது. பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற பயத்தில் நானே ஒதுங்கி ஒதுங்கி நின்றேன்.

சோஜாபாரு ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர் கன்னத்தைக் கடிக்கிறது. கூஜூ மலைகளுக்குக் கீழே ததேவாரா சதுப்பு, 2005-லிருந்து ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் காக்கவேண்டிய ஈரநிலங்களின் பட்டியலில். மரப்பலகை நடைபாதையில் ஒரு சுற்று நடந்தோம், மேலே மலையிடுக்கில் கந்தகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 14 டிகிரி ஊற்றுள்ள ஒரு விடுதி உண்டு, குளிர்ந்த நீர்தான், ஆனாலும் சட்டப்படி அது ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. 25 டிகிரி சூடாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள தாதுக்களில் ஒன்றாவது போதிய அளவு இருக்க வேண்டும் என்பது 1948-ம் ஆண்டுச் சட்டம்.

நான் பயந்தது ராத்திரி நடந்தது. சைவம் என்று மூன்று மாதம் முன்பே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். வந்த பன்னிரண்டு கிண்ணங்களில் காய்கறிதான் இருந்தது, ஆனால் குழம்பு, சூப், டோஃபு மேல் ஊற்றியது எல்லாவற்றிலும் காய்ந்த மீனில் இறக்கிய சாறு. இவர்கள் கணக்கில் மீன் துண்டு இல்லாவிட்டால் அது சைவம். கைடு சமையலறைக்கே போய்ப் பேசி, கடற்பாசியும் ஷிதாகே காளானும் மட்டும் போட்டு இன்னொரு சூப் வைத்துத் தரச்சொன்னார். வந்தது, நன்றாகவும் இருந்தது. அண்ணி அதைக் குடித்துவிட்டு, "இதையே முதல்ல பண்ணியிருக்கலாமில்ல, ருசியாத்தான இருக்குது" என்றார். வரப்போகும் சைவர்களுக்கு: 'சைவம்' என்று எழுதாதீர்கள். 'மீன் சாறும் காய்ந்த மீன் தூவலும் வேண்டாம், கடற்பாசிச் சாறு சம்மதம்' என்று ஜப்பானியத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன், குரோகாவா

காலையில் வேனில் ஏறி ஹட்சோபாரு புவிவெப்ப மின்நிலையம். விடுமுறைக்கு வந்து மின்நிலையமா என்று சிங்கப்பூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள், எனக்கோ பயணத்திலேயே அதிகம் ரசித்த ஒரு மணிநேரம் அதுதான். 1977-ல் ஒரு இயந்திரம், 1990-ல் இன்னொன்று, தலா 55 மெகாவாட், மொத்தம் 110. ஜப்பானில் இதைவிடப் பெரிய புவிவெப்ப நிலையம் கிடையாது. கிணற்றிலிருந்து ஆவியும் வெந்நீரும் சேர்ந்தே வருகின்றன. ஆவியைப் பிரித்துச் சுழலிக்கு அனுப்புகிறார்கள், மிஞ்சிய வெந்நீரில் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி ஒருமுறை ஆவி எடுக்கிறார்கள், கடைசியில் வரும் நீரைத் திரும்பவும் பூமிக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். காலடியில் இவ்வளவு சூடு வைத்திருக்கும் நாடு ஏன் இன்னும் நூறு நிலையம் கட்டவில்லை என்று கேட்டேன். நல்ல இடங்களில் பெரும்பாலானவை தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, மீதிக்குப் பக்கத்தில் ஒன்சென் ஊர்கள், எங்கள் ஊற்று வற்றிப்போனால் யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெப்புப் பாட்டிகளிடம் போய் யார் கேட்பது?

பிறகு மகினோதோ கணவாய், 1,330 மீட்டர், யமனாமியின் உச்சி. சோஜாபாருவிலிருந்து முந்நூறு மீட்டர் ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். பேட்டரியில் இரண்டு கோடு இருக்கும்போதே அண்ணி உதவியை உச்சத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். உச்சியில் இலைகள் சிவந்து முடியும் தறுவாய். அந்தப் பக்கம் செனோமோத்தோ புல்வெளி வரை சறுக்கிக்கொண்டே இறங்குகிற இறக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு வந்தேன், பூச்சி போகிறது.

குரோகாவாவைப் பற்றி நிறைய எழுதலாம். ஆற்றோரம் முப்பது சொச்சம் விடுதிகள், எல்லாம் கறுப்பும் மண்நிறமுமாக, தனித்தனி விளம்பரப் பலகை ஒன்றுகூடக் கிடையாது, எல்லோருக்கும் ஒரே மாதிரி மரப்பலகை. யமனாமி சாலை திறந்தபோது கூட்டம் வந்தது, பிறகு ஓய்ந்துபோனது, ஊர் படுத்துவிட்டது. ஷின்மெய்கான் விடுதியின் கோத்தோ தெத்சுயா மட்டும் உளியும் சுத்தியலுமாகப் பின்னாலிருந்த பாறையைக் குடைந்து குகைக் குளியலறை செய்து, சுற்றிக் காட்டுமரங்களை நட்டு வைத்திருந்தார், அவரிடம் கூட்டம் குறையவில்லை. மற்ற விடுதிக்காரர்கள் அவரிடமே போய்க் கேட்டு, ஆளாளுக்குத் திறந்தவெளிக் குளியல் அமைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு விடுதிகளுக்கு மட்டும் அதற்கு இடமில்லை. அந்த இருவரை விட்டுவிடக்கூடாது என்பதற்காக 1986-ல் வந்ததுதான் மரச்சீட்டு: வட்டமாக வெட்டிய மரத்துண்டு, அதை வாங்கினால் எந்த விடுதியில் தங்கியிருந்தாலும் ஊரில் எந்த மூன்று குளியலுக்கும் போகலாம். விற்ற பணத்தில் ஒரு பங்கு மரம் நடுவதற்குப் போகிறது.

1,500 யென் கொடுத்து ஆளுக்கொன்று வாங்கினோம். கொடுத்த ஆயிரம் யென் நோட்டில் இருந்த கிதசாதோ ஷிபசபுரோ, பிளேக் கிருமியைக் கண்டவர்களில் ஒருவர், பக்கத்து ஒகுனி ஊரில் பிறந்தவராம். 2024-ல் வந்த புது நோட்டு. யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்தி, மரச்சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, மரச்செருப்பு சத்தத்தோடு விடுதி விடுதியாகப் போவதுதான் இந்த ஊரில் சாயங்கால வேலை. யுகாதாவில் இடப்பக்கம் மேலே வரவேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டுவது. எதிரே வந்த கடைக்கார அம்மா அண்ணியை நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

குகைக்குள் நீர் மார்பளவு, இருட்டு, பாறையில் உளிபட்ட தழும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. ஒவ்வொரு கொத்தும் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். முதல் நாள் வாசலில் ஐந்து நிமிடம் நின்ற அண்ணி மூன்றாவது குளியலுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்.

வியாழன், உச்சினோமாகி

காலை முழுவதும் புல்வெளி. செந்நிற மாடுகள், காற்று, மேடு, மறுபடி மேடு. இத்தனை புல் தானாக இருப்பதல்ல. ஒவ்வொரு வருடமும் குளிர் முடியும் சமயத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தீ வைத்து எரிக்கிறார்கள், இல்லாவிட்டால் புதர் மண்டிக் காடாகிவிடும். தீ எல்லை தாண்டாமலிருக்க முந்தின இலையுதிர் காலத்திலேயே கோடு கோடாகப் புல்லை வெட்டி வைக்கிறார்கள், மலைச்சரிவில் அந்தக் கோடுகள் தெரிந்தன. ஆயிரம் வருடப் பழக்கம் என்கிறார்கள். ஊரில் வயதானவர்கள்தான் மிச்சம் என்பதால் இப்போது நகரத்திலிருந்து தன்னார்வலர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் கைடும் ஒவ்வொரு மார்ச்சும் போகிறவர். புருவம் கருகின கதை சொன்னார்.

தைகன்போ, 936 மீட்டர். இங்கே நின்றால்தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது புரிகிறது. தெற்கு வடக்காக 25 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டர், எரிமலை வெடித்து அமிழ்ந்த பள்ளம், உள்ளே வயல், ரயில், பள்ளிக்கூடம், சுமார் ஐம்பதாயிரம் மக்கள். நடுவில் அசோவின் ஐந்து சிகரங்கள். ஜப்பானியர்கள் அதைப் படுத்திருக்கும் புத்தர் என்கிறார்கள். அண்ணி பார்த்ததும் "ரங்கநாதரு மாதிரியே இருக்குது பாரு கண்ணு, அது நெஞ்சு, அது தலை" என்றார், கைடுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் பெரிய விளக்கமே தேவைப்பட்டது. தொப்புள் இருக்கவேண்டிய இடத்தில் நகாதாகே சிகரம் புகைகிறது.

உச்சினோமாகிக்கு இறக்கம். 1899-ல் எழுத்தாளர் நட்சுமே சோசெகி வந்து தங்கிய ஊர், ஆனால் பெரிய அலங்காரம் கிடையாது, அரிசிக்கடையும் மருந்துக்கடையும் உள்ள சாதாரண ஊர். 2016 ஏப்ரலில் குமமோத்தோ நிலநடுக்கம் வந்தபோது இங்கே பல விடுதிகளில் ஊற்று ஒரே ராத்திரியில் நின்றுபோனது. மறுபடி கிணறு தோண்டித்தான் நீர் எடுத்திருக்கிறார்கள். இன்றைய விடுதியில் குளியல் தொட்டி சின்னது, நீரில் வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஆனால் தொடை வலி போய்விட்டது.

வெள்ளி, அசோ

எரிமலை வாய்க்குப் போகலாமா கூடாதா என்பதைக் காற்று முடிவு செய்கிறது. கந்தக வாயு கூடினால் உடனே மூடிவிடுவார்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எப்போதுமே அனுமதி இல்லை, அதனால் ஆஸ்திரேலியப் பாட்டி கீழேயே நின்றுவிட்டார். காலை எட்டரைக்கு மூடியிருந்தது, பத்தேகாலுக்குத் திறந்தார்கள், கைடு போனைப் பார்த்ததும் "சீக்கிரம்" என்று எல்லோரையும் வேனில் ஏற்றினார். வாயோரம் வெடித்தால் ஒதுங்குவதற்கு கான்கிரீட் கூண்டுகள் வரிசையாக நிற்கின்றன. எட்டிப்பார்த்தால் ஆழத்தில் பால்பச்சை நிறத்தில் வெந்நீர் ஏரி, ஆவி விலகும்போது மட்டும் தெரிகிறது. பதினைந்து நிமிடத்தில் தொண்டை கரகரத்தது, ஒலிபெருக்கி கத்தியது, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

கீழே அசோ கோயில். நிலநடுக்கத்தில் அப்படியே சரிந்த இரண்டடுக்கு வாயில் கோபுரத்தைப் பழைய மரங்களில் முடிந்தவரை மீண்டும் பயன்படுத்திக் கட்டி, 2023 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். புது மரமும் பழைய மரமும் நிறத்திலேயே தெரிகின்றன. கோயில் தெருவில் கடைக்குக் கடை ஊற்றுநீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள், இது குடிக்கிற தண்ணீர், ஜில்லென்று இருக்கிறது, பாட்டிலில் பிடித்துக்கொண்டோம். மதியத்துக்கு மற்றவர்கள் செந்நிற மாட்டுக்கறிச் சோறு, அண்ணி கடுகுக்கீரை ஊறுகாய் போட்டுக் கிளறிய சோறு. அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார், இரண்டு தட்டு.

சைக்கிள்களை வேனில் ஏற்றியாகிவிட்டது. வருகிறவர்கள் அக்டோபர் கடைசியில் வாருங்கள், காசுப்பெட்டிகளுக்கு 100 யென் நாணயங்களாக நிறைய மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், மகினோதோ இறக்கத்துக்குக் கட்டாயம் கையுறை வேண்டும். அண்ணனுக்கு அண்ணி போனில் பேசிக்கொண்டிருக்கிறார், அடுத்த முறை அவரையும் கூட்டிவரலாம் என்கிறார், தெருக் குளியலறைக்கு முதலில் அவரைத்தான் அனுப்ப வேண்டுமாம்.